கிடைக்குச் செய்தி சொல்வது யார்?

2022 மார்ச் 4ஆம் தேதி, தமிழ்நாட்டின் எந்த வனப்பகுதியிலும் ஆடுமாடுகளை மேய்க்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தேனி மாவட்டத்து மலைமாடுகள் தொடர்பாக வந்த வழக்கு அது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 17 அன்று அதே நீதிமன்றம் அந்தத் தடையைத் திருத்தி, தேசியப் பூங்காக்கள், வனவிலங்குச் சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்குள் மட்டும் என்று சுருக்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்கு மேற்கே உள்ள நெய்க்காரப்பட்டியிலிருந்து தெற்கே பார்த்தால் எழுந்து நிற்கும் மலைத்தொடரில் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் பரப்பு 2013ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவருக்கு அந்த இரண்டு உத்தரவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. எந்த ஓடைக்கு அப்பால் சரணாலயம், எந்தக் கரடு வெறும் காப்புக்காடு, எது வருவாய்த் துறையின் மேய்ச்சல் புறம்போக்கு என்பது தெரிந்தால்தான் அவர் அபராதம் கட்டாமல் பிழைக்க முடியும். முதல் உத்தரவு பெரிய தலைப்புச் செய்தியானது. இரண்டாவது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இரண்டையும் மேய்ப்பவரிடம் நேரில் கொண்டுபோய்ச் சொல்வது இன்னார் கடமை என்று ஓர் ஏற்பாடும் அன்று இல்லை, இன்றும் இல்லை.

இந்த ஒரு குறை, கால்நடை மேய்ப்பவர்களுக்கும் அரசுக்கும் இடையே உள்ள பெரிய இடைவெளியின் ஒரு முனை. நம்முடைய தகவல் ஏற்பாடுகள் எல்லாமே முகவரியை நம்பிக் கட்டப்பட்டவை. கிராம நிர்வாக அலுவலர் ஊருக்கு ஒருவர். வேளாண் உதவி அலுவலர் பட்டா வைத்திருப்பவரைத் தேடிப் போகிறார். கால்நடை மருந்தகத்துக்கு எல்லைக்குட்பட்ட கிராமங்கள் உண்டு. தடுப்பூசி முகாம் ஊர் வாரியாக நடக்கிறது. வானிலை அறிவுரை மாவட்ட வாரியாக வருகிறது. மேய்ப்பவரின் வாழ்க்கையோ பருவத்தைப் பின்தொடர்வது. அறுவடை முடிந்த வயலில் பத்து நாள், அடுத்த ஊர்த் தோப்பில் ஒரு வாரம், கோடையில் தண்ணீர் இருக்கும் குளத்தங்கரை, மழை தொடங்கினால் மேட்டு நிலம். முகவரியைத் தேடி வரும் செய்தி அவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது அவர் இரண்டு தாலுகா தள்ளி இருப்பார். செய்தி இல்லாமையோ கருவி இல்லாமையோ இங்கே முதன்மையான சிக்கல் இல்லை. மேய்ப்பவர் போகும் பாதையோடும் அவர் காலக்கணக்கோடும் செய்தி இணைக்கப்படவில்லை என்பதே சிக்கல். அதை இணைக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்து மாவட்டத்திலேயே சான்று உண்டு.

முதலில், என்ன செய்தி தேவை என்பதைப் பார்க்க வேண்டும். பொதுவாக நாம் ‘விழிப்புணர்வு’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு அடைத்துவிடுகிறோம். ஆடு வைத்திருப்பவருக்குத் தேவைப்படுவது தேதியும் இடமும் உள்ள செய்தி. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் புதுப்புல் தழைக்கும். பட்டினி கிடந்த குட்டிகள் அதை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வருகிறது. நன்றாக இருந்த குட்டி சில மணி நேரத்தில் துள்ளி விழுந்து சாகும். கண்ட பிறகு மருத்துவம் செய்ய நேரம் இருக்காது. மழைக்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். அதே ஐப்பசி, கார்த்திகையில் சேற்றிலும் சாணத்திலும் பெருகும் மிகச் சிறிய கடி ஈக்கள் நீலநாக்கு நோயைப் பரப்புகின்றன. செம்மறிகளுக்கு வாயும் நாக்கும் வீங்கி, குளம்பு புண்ணாகி, நடக்க முடியாமல் போகும். 1997–98ல் தமிழ்நாட்டில் இந்த நோய் பரவியபோது செம்மறிகள் பெருமளவில் மடிந்தன. அதற்கு ஐந்து வகை வைரஸ்களை ஒருசேரத் தடுக்கும் ஊசி 2015ல் நாட்டில் அறிமுகமானது. அதன் உருவாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்குண்டு. தடுப்பூசி நம் மாநிலத்து ஆய்வில் பிறந்தது, நோய் வரும் மாதம் தெரிந்தது. இவ்வளவும் இருந்தும், புரட்டாசியில் கிடை, அதாவது எருவுக்காக வயலில் அடைக்கப்படும் மந்தை, எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் முகாமில் வெளியூர் ஆட்டுக்கும் ஊசி உண்டு என்ற ஒரு வரி மந்தைத் தலைவரான கீதாரியின் காதில் விழவில்லை என்றால் எல்லாம் வீண்.

ஆட்டுக்கொல்லி நோயின் கதை இன்னும் நெருக்கமானது. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலாக 1987ல் விழுப்புரம் பக்கத்து அரசூர் என்ற ஊரின் செம்மறிகளில் கண்டறியப்பட்டது. அங்கே எடுக்கப்பட்ட வைரஸைக் கொண்டே ஒரு தடுப்பூசியும் உருவானது. அறிவியல் ஏடுகளில் அதற்கு அந்த ஊரின் பெயர்தான். ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கும் என்று சொல்லப்படும் ஊசி அது. 2030க்குள் இந்த நோயை உலகிலிருந்தே ஒழிப்பது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலகக் கால்நடை நல அமைப்பும் 2015ல் இலக்கு வைத்தன. ஒழிப்பு என்ற இலக்கில் ஒரு விதி உண்டு: வீட்டோடு நிற்கும் ஆடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஊசி போட்டுவிட்டு, நடந்துகொண்டே இருக்கும் மந்தைகளை விட்டுவிட்டால் நோய் அங்கே தங்கி மீண்டும் ஊருக்குள் வரும். மேய்ப்பவருக்குச் செய்தி சேர்ப்பது அவருக்குச் செய்யும் தயவு என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெய்க்காரப்பட்டியில் வீட்டுத் திண்ணையோரம் நான்கு வெள்ளாடு கட்டியிருக்கும் பெண்ணின் ஆடு பிழைப்பதும் சாவதும், அவர் பார்த்தே இராத ஒரு கிடைக்கு ஊசி போடப்பட்டதா என்பதையும் பொறுத்தது.

நோய் ஒரு பக்கம். வேளாண்மை மாறியதால் வந்த ஆபத்துகள் மறுபக்கம். பழனி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் மக்காச்சோளம் பரவலாகிவிட்டது. 2018ல் படைப்புழு தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு அந்தப் பயிருக்கு மருந்தடிப்பது கூடியிருக்கிறது. தட்டை நிற்கும் காட்டில் கடைசியாக எந்தத் தேதியில் எந்த மருந்து அடிக்கப்பட்டது என்பது காட்டுக்காரருக்குத் தெரியும். ஆட்டை ஓட்டி வருபவருக்குத் தெரியாது. இளஞ்சோளப் பயிரில் நஞ்சு இருக்கும், வாடிய பயிரை மேயவிடக் கூடாது என்பதை மேய்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். பயிரின் நிறத்தில், வாட்டத்தில் அந்த ஆபத்து தெரியும். தெளிப்பானிலிருந்து வரும் நஞ்சு எந்த இலையிலும் அடையாளம் விடுவதில்லை. அனுபவ அறிவு எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும் பிறர் சொன்னால் ஒழியத் தெரிய முடியாத செய்திகள் இன்று கூடிவிட்டன. நீதிமன்ற உத்தரவு, சரணாலய எல்லை, மருந்தடித்த தேதி, புது நோய், இடிமின்னல் எச்சரிக்கை எல்லாம் அந்த வகை. நாட்டில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் சொல்கின்றன. திறந்த வெளியில், உயர்ந்த ஒற்றை மரத்தடியில் ஒதுங்குபவர்களே அதில் எளிதில் சிக்குகிறார்கள். சித்திரை, வைகாசிக் கோடைமழைக் காலத்தில் ஆடு மேய்ப்பவர் நிற்கும் இடம் அதுதான்.

விலைச் செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில்தான் அதிகமாக மிகைப்படுத்தப்படுகிறது. கேரள மீனவர்களிடம் கைப்பேசி வந்த பிறகு மத்தி மீன் விலையில் கரைக்குக் கரை இருந்த ஏற்றத்தாழ்வு வெகுவாகக் குறைந்தது என்று ராபர்ட் ஜென்சன் 2007ல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அதை வைத்துக்கொண்டு, விலையைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் கிராமம் செழிக்கும் என்று பலர் நம்பினார்கள். மகாராஷ்டிரத்தில் நூறு கிராமங்களில் விவசாயிகளுக்கு அப்படி விலையும் வானிலையும் அனுப்பிப் பார்த்த இன்னோர் ஆய்வு 2012ல் வெளியானது. விவசாயிகள் பெற்ற விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை என்றது அது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. மீனவரின் படகு எந்தக் கரைக்கும் திரும்பலாம். தகவலைச் செயலாக்கும் வழி அவர் கையில் இருந்தது. ஆட்டுக்காரருக்கு அந்த வாய்ப்பு பாதிதான். அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையில் என்ன விலை போகிறது என்று தெரிந்தாலும், நெய்க்காரப்பட்டியிலிருந்து பத்து ஆட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாவட்டத்தின் மறு கோடிக்குப் போக அவருக்குக் கட்டுப்படியாகாது. எடை பார்க்காமல், கண் மதிப்பில், தரகர் வழியாகப் பேசப்படும் பொருளுக்குக் கிலோ விலை சொல்வதிலும் பயன் குறைவு. சந்தையில் ஒரு எடைமேடை, நாலு பேர் சேர்ந்து ஏற்றிச் செல்ல ஒரு வண்டி ஆகியவற்றோடு சேர்ந்து வந்தால்தான் விலைச் செய்தி பணமாக மாறும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. தகவல் ஒன்றே போதும் என்பது என் வாதம் இல்லை. செயல்பட வழியுள்ள தகவல் எது என்று பிரித்தறிந்து, அதை முதலில் கொண்டு சேர்க்க வேண்டும். தடுப்பூசி, மருந்தடித்த காடு, மின்னல், வன எல்லை ஆகிய நான்கிலும் கேட்டவுடன் மேய்ப்பவரால் செயல்பட முடியும்.

எல்லோர் கையிலும்தான் திறன்பேசி வந்துவிட்டதே என்பது உடனே வரும் மறுப்பு. 2018ல் தமிழக அரசு உழவன் செயலியைக் கொண்டுவந்தது. கால்நடைக்கு உடல்நலம் கெட்டால் 1962 என்ற எண்ணை அழைக்கலாம். நடமாடும் மருத்துவ ஊர்தி வரும். இவை நல்ல ஏற்பாடுகள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் செயலியில் பதிய ஊரும் நிலமும் சொல்ல வேண்டும். கிடை மறித்திருப்பவர் நிலம் அவருடையது இல்லை. ஊர்தியை அழைத்தால், எந்த ஊர், எந்தச் சாலை, யார் தோட்டம் என்று கேட்பார்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த வயலுக்கு வந்து சேர்ந்தவர் என்ன சொல்வார்? கைப்பேசிக்கு மின்னேற்ற அவர் தோட்டத்துக்காரர் மோட்டார் கொட்டகையைத்தான் நம்பியிருக்கிறார். எழுத்தில் வரும் செய்தியை வெயிலில் நின்று, மேயும் ஆட்டின் மீது ஒரு கண் வைத்துக்கொண்டு படிப்பது எளிதல்ல; படிக்கத் தெரியாத முதியவர்கள் கிடையில் இன்னும் இருக்கிறார்கள். கருவி கையில் இருப்பதும் செய்தி காதில் விழுவதும் ஒன்றே என்று எண்ணுவதுதான் நம் திட்டங்களின் பிழை.

கைப்பேசியே பயன்படாது என்றும் இதற்குப் பொருள் இல்லை. நமக்கு அடுத்த தேனி மாவட்டத்தில், 2000களின் பிற்பகுதியில், விடியல் என்ற மகளிர் அமைப்பு காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற பன்னாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு முயற்சி செய்தது. ஆடு வளர்க்க வங்கிக் கடன் வாங்கிய பெண்களுக்குக் கைப்பேசியும் அந்தக் கடனிலேயே சேர்க்கப்பட்டது. நாள்தோறும் ஆடு வளர்ப்பு பற்றிய சிறுசிறு குரல் செய்திகள், தமிழில், பேச்சு வழக்குக்கு நெருங்கிய நடையில், அவர்களுக்கு வந்தன. பல்கலைக்கழக வல்லுநர்கள் சொன்னதை அந்தப் பெண்களும் சேர்ந்தே செய்தியாக வடித்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டே கேட்டார்கள்; மாலையில் குழுக்கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார்கள். இதில் வெற்றி பெற்றது கருவி என்று கொள்வதற்கில்லை. குரல் வழியே வந்தது, குறுகியதாக இருந்தது, கேட்டதை உரசிப் பார்க்க ஒரு குழு இருந்தது, ஆடு அவர்களுடைய கடன் முதலாகவும் இருந்தது. இந்த நான்கும் சேர்ந்ததால் செய்தி தங்கியது. 1956ல் பூனா வட்டாரத்தில் 150 கிராமங்களில் நடந்த வானொலி மன்றச் சோதனையும் இதையே காட்டியது. வானொலி கேட்டுவிட்டுக் கூடிப் பேசிய ஊர்களில், வானொலி மட்டும் கேட்ட ஊர்களைவிடச் செய்தி ஆழமாகப் பதிந்தது. நம் காவிரிப் படுகையில் ஆடுதுறை 27 நெல் வானொலி வழியே பரவி ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது. நெல்லுக்குச் செய்ததை ஆட்டுக்கும் செய்ய முடியும்.

எங்கே சொல்வது என்ற கேள்விக்குப் புதுச்சேரிக் கடற்கரை ஒரு விடை தருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே கிராம அறிவு மையங்களை நடத்தியது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்தில் எடுத்து, மீனவர்கள் கடலுக்குக் கிளம்பும் முன் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலில் போய்த் தேடாமல், அவர்கள் தவறாமல் வந்து சேரும் கரையில் செய்தி காத்திருந்தது. நடமாடும் தொழில் செய்பவர் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு கரை உண்டு. மேய்ப்பவருக்கு அது சந்தை. குடற்புழு மருந்து வாங்கும் கடை. கோடையில் தண்ணீர் காட்டும் தொட்டி. ஆண்டுக்கொரு முறை குலதெய்வக் கோயிலில் கூடும் நாள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் வயலில் கிடை மறிக்கச் சொல்லி அழைக்கும் விவசாயி. எருவுக்காகக் கிடையை அழைப்பவர் ஊர்க்காரர்; அவருக்கு முகவரி உண்டு, கால்நடை மருத்துவரைத் தெரியும், முகாம் தேதி வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அரசுக்கும் கிடைக்கும் நடுவில் இயல்பாகவே நிற்கும் மனிதர் அவர். இத்தனை ஆண்டு விரிவாக்கப் பணியில் அவரை ஒருவரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. தடுப்பூசி முகாம் அறிவிப்பில், “உங்கள் வயலில் கிடை இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள், வெளியூர் ஆட்டுக்கும் ஊசி உண்டு” என்று இரண்டு வரி சேர்க்க ஒரு ரூபாய் செலவில்லை. கொடைக்கானல் மலையிலிருந்து ஒலிக்கும் கோடை பண்பலை இந்தச் சமவெளி முழுவதும் கேட்கிறது. ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டுச் சோறு பொங்கும் இரவு வேளையில் பத்து நிமிடம், அந்த வார நோய், மழை, முகாம் நடக்கும் ஊர்களின் பெயர் என்று சொன்னால் மின்னேற்றாத கைப்பேசிக்காரரும் பக்கத்துக் கூடாரத்து வானொலியில் கேட்பார்.

செய்தி ஒரு பக்கமாக மட்டும் ஓடினால் அது நிலைக்காது. கால்நடைகளின் கொள்ளைநோயான வெக்கை நோய் 2011ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு மனிதகுலம் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. அதன் கடைசி இருப்பிடங்களில் ஒன்று எத்தியோப்பியாவின் அஃபார் வறண்ட நிலம். அரசு மருத்துவக் குழுக்களால் அங்கே மந்தைகளை எட்ட முடியவில்லை. மேய்ப்பர் சமூகத்திலிருந்தே சிலரைத் தேர்ந்து பயிற்சி தந்து, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பூசியை அவர்கள் கையில் கொடுத்தார்கள். 1990களின் நடுவில் நோய் அங்கே நின்றது. எங்கே மந்தை இருக்கிறது, எந்தக் கிணற்றில் நோயுற்ற மாடு தண்ணீர் குடித்தது என்பதை அவர்களே சொன்னார்கள். நோயைத் துரத்தியவர்கள் அந்தத் தகவலைப் பின்தொடர்ந்து போனார்கள். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் 2017ல் தொடங்கிய கர்பால் என்ற அழைப்பு மையத்தில், மேய்ப்பர் மொழி தெரிந்தவர்கள் தொலைபேசியில் பேசுகிறார்கள். எங்கே புல், எங்கே தண்ணீர், எந்தச் சந்தையில் என்ன விலை என்று செயற்கைக்கோள் தரவையும் களத்திலிருந்து வரும் செய்தியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தின் கிடைக்காரர்கள் நோய் கிளம்பும் முதல் நாளே அதைப் பார்ப்பவர்கள். எச்சில் ஒழுகும் ஆடு, நொண்டும் செம்மறி, திடீரெனச் செத்த குட்டி ஆகியவை அவர்கள் கண்ணில் பட்டு வெகு நாள் கழித்தே அலுவலகப் பதிவேட்டுக்கு வருகின்றன. அவர்களைக் கேட்க ஒரு குரல் வழி இருந்தால் மாவட்டத்துக்கே முன்னெச்சரிக்கை கிடைக்கும்.

இவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், இவ்வளவு ஏற்பாடு தேவையா என்று கேட்கலாம். எத்தனை பேர் என்று அரசு அண்மைக்காலம்வரை எண்ணியதே இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக மேய்ப்பர்களின் கால்நடைகள் தனியாகக் கணக்கிடப்பட்டன. 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செம்மறியாடுகள் ஏறத்தாழ 45 லட்சம், வெள்ளாடுகள் 98 லட்சத்துக்கு மேல். இவை அத்தனையும் கிடை ஆடுகள் இல்லை. வீட்டோடு நாலைந்தாக வளர்க்கப்படுபவையே மிகுதி. அவையும் பகலில் மேய்ச்சலுக்குத்தான் போகின்றன. அவற்றில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்பவர்கள் பெண்கள். 2011ல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம் ஏழைப் பெண்களுக்குக் குடும்பத்துக்கு நான்கு ஆடு கொடுத்தது. ஆடு வீடு வந்து சேர்ந்தது. அதைக் காக்கும் செய்தி அந்தப் பெண்களின் வேலை நேரத்தோடு பொருந்தி வந்ததா என்பது வேறு கேள்வி. காலையில் நூறு நாள் வேலைக்கும், வேலை இல்லாத நாளில் மேய்ச்சலுக்கும் போகிறவரிடம், முற்பகலில் நடக்கும் பயிற்சி வகுப்புக்கு வா என்று சொல்லி என்ன பயன்? திண்டுக்கல்லில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதன் வகுப்புகள் பண்ணை தொடங்க நினைக்கும் படித்த இளைஞர்களுக்கு நல்ல வழிகாட்டி. மேய்ப்பவரை அந்த மையத்துக்கு வரச் சொல்வதைவிட, அந்த மையம் சந்தை நாளில் ஆட்டுச் சந்தைக்கு வந்து ஒரு மேசை போட்டு உட்காருவது நடக்கக்கூடிய காரியம்.

மேய்ச்சல் தொழிலே போகப் போகிறது, கொட்டிலில் வளர்ப்பதுதான் எதிர்காலம், ஓடுகிற கிடைக்கு எதற்கு இத்தனை செலவு என்று இன்னொரு குரல் கேட்கிறது. நிலம் இல்லாதவர் கொட்டில் எங்கே கட்டுவார், தீவனம் எதைப் போட்டு விளைவிப்பார் என்பதற்கு அந்தக் குரலிடம் பதில் இல்லை. அறுவடை முடிந்த வயலில் மிஞ்சிய தாளையும் வரப்புப் புல்லையும் இறைச்சியாகவும் எருவாகவும் மாற்றித் தருவது கிடை. அந்த எருவுக்கு விவசாயி கூலி கொடுக்கிறார் என்றால் அதற்கு மதிப்பு இருக்கிறது என்றுதான் பொருள். 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. பொதுச் சபை அறிவித்ததும், வறண்ட நிலத்தில் உணவு தரும் முறையாக இதை உலகம் மீண்டும் மதிக்கத் தொடங்கியிருப்பதால்தான். காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்போரின் கவலை இதைவிட வலுவானது. சரணாலயத்துக்குள் ஆடு மேய்ந்தால் இளங்கன்றுகள் அழியும், வீட்டு விலங்கின் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும் என்பதில் உண்மை இருக்கிறது. அதற்காகவே செய்தி தேவை என்கிறேன். எல்லை எங்கே என்று தெரியாதவரைத் தண்டித்துக் காட்டைக் காக்க முடியாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும், மேய்ப்பர் சமூகங்களின் பருவகால வருகையையும் சமூக உரிமைகளுள் ஒன்றாகப் பட்டியலிடுகிறது. பழங்குடியல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கோரிக்கை கிராம சபையில் தொடங்க வேண்டும். மே 1ஆம் தேதி கிராம சபை கூடும்போது கோடை உச்சத்தில் கிடை தண்ணீர் தேடிப் போயிருக்கும். உரிமை உண்டு என்ற செய்தியும், இந்த இடத்தில் உரிமை இல்லை என்ற செய்தியும் சேர்ந்தே அவருக்குப் போக வேண்டும். தடை மட்டும் போய்ச் சேர்ந்தால் அது மிரட்டல்.

இந்த ஏற்பாட்டில் எனக்கும் ஓர் அச்சம் உண்டு. கிடை எங்கே இருக்கிறது என்ற தகவல் திரட்டப்பட்டால், அதையே அபராதம் போடுவதற்கும் விரட்டுவதற்கும் பயன்படுத்த முடியும். மேய்ப்பவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானது. ஆகவே, கால்நடைத் துறைக்கு நோய்த் தகவல் சொல்வதற்காகப் பெறப்படும் இடக்குறிப்பு வேறு எந்தத் துறைக்கும் போகாது என்பதை மாவட்ட நிர்வாகம் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். காதில் போடும் வில்லை, பன்னிரண்டு இலக்க எண் என்று வரும் பதிவுகளிலும் இதே கவனம் வேண்டும். நம்பிக்கை கெட்டால் நோய்ச் செய்தி வரவே வராது; அதனால் இழப்பு ஊருக்கும்தான்.

செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் இல்லை. கிடைக்கு ஒரு தடுப்பூசி அட்டை: எந்த மாதம், எந்த ஊசி, எந்த மருந்தகம் என்று எழுதி, கீதாரி கையோடு கொண்டுபோய் எந்த மாவட்டத்தில் காட்டினாலும் செல்லும்படியாக. 1962 எண்ணை அழைப்பவர் தோட்டத்துக்காரர் பெயர் தெரியாமலே இடம் சொல்ல வழி. ஆட்டுச் சந்தைகளில் புரட்டாசி மாதம் முழுவதும் ஒலிபெருக்கி அறிவிப்பு, ஒரு மருத்துவர், ஒரு எடைமேடை. அடிவாரத்து ஒற்றையடிப் பாதைகளில், சரணாலய எல்லை தொடங்கும் இடத்தில் படமும் தமிழும் உள்ள பலகை. வனத்துறை வாகனம் போகும் சாலையில் மட்டும் பலகை வைத்தால் ஆடு போகும் வழியில் ஒன்றும் இருக்காது. மேய்ப்பர் குடும்பங்களிலிருந்து வட்டாரத்துக்குச் சிலரைத் தேர்ந்து ஊசியும் முதலுதவியும் சொல்லிக்கொடுத்து, அவர்களைத் துறையின் கண்ணாகவும் காதாகவும் ஏற்றுக்கொள்வது. ஆள் பற்றாக்குறை இருக்கிறது என்று துறை சொல்வது உண்மைதான். இந்த ஏற்பாட்டின் பயனே, இருக்கிற ஆட்களின் வேலையை முன்கூட்டித் திட்டமிட முடிவதுதான். நோய் வெடித்த பிறகு எங்கே ஓடுவது என்று தெரியாமல் திண்டாடுவதைவிட, மழைக்கு முன் எந்த வயலில் கிடை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது ஆள் செலவைக் குறைக்கும்.

மாவட்ட நிர்வாகம் இதைத் தொடங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு தரப்பு இருக்கிறது. பாலாறு–பொருந்தலாறு ஆயக்கட்டிலும் நெய்க்காரப்பட்டி, ஆயக்குடி, பாப்பம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலும் கிடை மறிக்க ஆள் அழைக்கும் விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். கிடைக்குப் பேசி முடிக்கும்போதே உங்கள் காட்டிலும் பக்கத்துக் காட்டிலும் கடைசியாக மருந்தடித்த தேதியைச் சொல்லிவிடுங்கள். உங்கள் ஊரின் அடுத்த தடுப்பூசி முகாம் எந்த நாள் என்று கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்தின் பெயரையும் அதற்கு வரும் வழியையும் அவர் கைப்பேசியில் உங்கள் குரலிலேயே பதிந்து கொடுங்கள். நடுராத்திரியில் ஆடு விழுந்தால் 1962க்கு அவர் அதைச் சொல்லிக்கொள்வார்.